ஒரு வரிகூடக் கற்பனை இல்லை

மாசி பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சியில் ஷேக் தாவூது மண்டியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற புளி மூட்டை மூட்டையாக வந்து முன்கட்டில் விழும். பின்கட்டில் ஏழெட்டுப் பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து, கட்டையில் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டி, ஓடு நீக்கி, நார் உருவி, கொட்டையைப் பிதுக்கி எடுப்பார்கள். காலையில் ஆரம்பிக்கிற டொக் டொக் சத்தம் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்கிற வரைக்கும் ஓயாது. கூடவே பேச்சும் ஓடும். கை வேலையில் இருந்தால் வாய்க்குக் காவல் இல்லை. வருஷக்கணக்கில் மனசில் பூட்டி வைத்ததெல்லாம் புளியங்கொட்டையோடு சேர்ந்து சாக்கில் விழும்.

அப்படி விழுந்த ஒன்றைத்தான் சப்ரின் பொறுக்கி எடுத்துப் புத்தகமாகப் போட்டாள்.

சப்ரின் ஷேக் தாவூதின் மருமகள். அவர் மகன் பைரோஸுக்கு வாழ்க்கைப்பட்டு உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்தவள். எழுதக் கூடாது என்று அந்த வீட்டில் யாரும் அவளைத் தடுத்ததில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடுதான், முகம் வெளியே வரக் கூடாது. புத்தக அட்டையில் அவள் படம் இல்லை. பேஸ்புக்கில் அவள் முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு முழம் மல்லிகைச் சரம் இருந்தது. முகம் தெரியாவிட்டால் ஆள் யாரென்று தெரியாது என்பது அந்த வீட்டில் எல்லோரும் நம்பிய சங்கதி. அவளும் நம்பினாள்.

புளி தட்ட வருகிறவர்களில் இருசம்மாள் மலைக்காரி. கரியாலூருக்கு அந்தாண்டை, பஸ் போகாத சிற்றூர். தன் மரத்துப் புளியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஒரு மாதம் மண்டியிலேயே தங்கி வேலை பார்ப்பாள். இடது கை ஆட்காட்டி விரல் பாதிதான் இருக்கும். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு சீவப் போன வருஷம் மிஷின் மீதியை வாங்கிக்கொண்டது. அந்த அரை விரலை முட்டுக் கொடுத்து அவள் கொட்டை பிதுக்குகிற வேகம் பத்து விரல் இருக்கிறவர்களுக்கு வராது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், மற்றப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தபோது, சப்ரின் டீயும் ரஸ்க்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரரு இந்த வருசமாவது கேரளாவுலேர்ந்து வந்தாராக்கா?"

இருசம்மாள் சுத்தியைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"கேரளாவும் இல்ல ஒண்ணும் இல்ல சின்ன பாயம்மா. அந்த ஆளு செத்து அஞ்சு வருசமாவுது."

சப்ரினுக்குக் கையில் இருந்த ரஸ்க் டீயில் கரைந்து விழுந்தது.

"எந்தம்பி ராசுதான் கூட்டிக்கினு போனான். ஆந்திரா காட்டுல மரம் வெட்டறதுக்கு. போவாதன்னு சொன்னேன், கேக்கல. மழ இல்ல, சாமை காஞ்சிப் போச்சு, வூட்ல இன்னாத்த பொங்கறது? ரெண்டு பேரும் போனாங்க. ஒரு நாளு பாரஸ்ட்டுக்காரங்க டார்ச்சு லைட்டு தெரிஞ்சிருக்கு. ஆளாளுக்கு ஓடியிருக்காங்க. இவுரு பாறையிலேர்ந்து வுழுந்துட்டாரு. ராசு எறங்கிப் போயி பாத்திருக்கான். மூச்சு இல்ல. தொட்டா சில்லுன்னு இருந்துதாம். தோள்ல போட்டுக்கினு கொஞ்ச தூரம் வந்திருக்கான், முடியல. எல தழைய வெட்டி மூடிட்டு வந்துட்டான்."

"ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"தெரிஞ்சா ராசு உசுரோட இருப்பானா? எங்க பக்கம் கூட்டிக்கினு போனவன்தான் கொண்டாந்து வுடணும். ஆள கொண்டா, இல்ல பொணத்த கொண்டா. ரெண்டும் இல்லாம வந்து நின்னா இன்னா சொல்லுவான்? அதான் மொளகு தோட்டத்துல இருக்காருன்னு சொல்லிட்டோம். எங்க மாமியாருக்கு இவுரு கடக்குட்டி. வருசா வருசம் பொங்கலுக்கு ராசு ஒரு சேல வாங்கியாந்து, மச்சான் குடுத்தனுப்பிச்சாருன்னு கெழவி கையில குடுப்பான். அது சேலய மூஞ்சில வச்சி மோந்து பாத்துட்டு, எம் புள்ள வாசன அடிக்குதுன்னும். நானும் பொட்டு வச்சிக்கினு பூ வச்சிக்கினு நின்னு பாத்துக்கினு இருப்பேன்."

பிறகு இருசம்மாள் சுத்தியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "உங்கிட்டதான் சொல்றேன். நீ கீழ இருக்கறவ. கீழ சொன்னது மேல ஏறாது."

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்க்கா."

சொல்லவும் இல்லை. அந்த வாக்கை அவள் காப்பாற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பைரோஸிடம்கூடச் சொல்லவில்லை. எழுதினாள். சொல்வது வேறு, எழுதுவது வேறு என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் ஒரு சமாதானம் உண்டு. மலையின் பேரை மாற்றினாள், ஆட்களின் பேரை மாற்றினாள், புளியைக் கடுக்காய் ஆக்கினாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது, அந்தச் சாவு வரும்வரை. இருசம்மாள் வாயில் அது ஒரே வரி. மூச்சு இல்லை, அவ்வளவுதான். விழுந்ததும் செத்துப் போனவனை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் எழுத முடியும்? சப்ரின் நாலு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அவனுக்கு மூச்சைக் கொடுத்தாள். பாறையடியில் கிடந்தவன் மச்சானைப் பார்த்தான். அம்மா என்று கூப்பிட்டான். மச்சான் டார்ச் வெளிச்சத்துக்குப் பயந்து அவனை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். பதினோரு பக்கம். எழுதி முடித்தபோது அவளே அழுதாள். தன் எழுத்துக்குத் தானே அழுதவள் அதை அடிப்பாளா?

தை மாதம் புத்தகம் வந்தது. பேர் 'காட்டுக்கு அந்தாண்ட'. முந்நூறு பிரதி, அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கிப் புளி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. பைரோஸ் சிநேகிதர்கள் நாலு பேர் மரியாதைக்கு வாங்கினார்கள். மாமியார் ரஜியா ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து பொடிசா கீதும்மா" என்று மூடி வைத்தார்.

"புளி இருந்தா அடுத்த வருசம் வெல ஏறும். இத இன்னா பண்றது?" என்றான் பைரோஸ். கேலிதான், ஆனால் அதில் கேலி பாதிதான் இருந்தது.

இணையத்தில் 'பக்கம் மடித்தவர்கள்' என்று ஒரு வாசகர் குழு. நாற்பதாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். அங்கே ஒருவர் ஒரு புத்தகத்தை நல்லது என்று சொல்லிவிட்டால் மறுநாளே பதிப்பாளருக்குப் போன் அடிக்கும். ஆனால் எழுதியவர் தன் புத்தகத்தைப் பற்றித் தானே பேசக் கூடாது. முதலில் மற்றவர்களுடைய புத்தகங்கள் பத்தைப் படித்து ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். எழுதினால் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒதுக்குவார்கள். சப்ரின் சமையலுக்கும் மண்டிக்கும் நடுவில் பத்தையும் படித்தாள். அதில் எட்டு, படித்திருக்க வேண்டாதவை. எட்டையும் புகழ்ந்தாள். அவள் வெள்ளிக்கிழமையும் வந்தது. அட்டைப் படத்தைப் போட்டு, உருக்கமாக நாலு வரி எழுதினாள். பதினேழு பேர் கைகூப்பினார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

குழுவை நடத்துகிற தேவதர்ஷினி கோயம்புத்தூர்க்காரி. நல்ல மனசு. அவளே குரல் செய்தி அனுப்பினாள்.

"சப்ரின், புத்தகத்தைப் பத்திப் பேசினா யாரும் நிக்க மாட்டாங்க. புத்தகத்துக்குப் பின்னாடி ஒரு மனுஷி இருந்தா நின்னு கேப்பாங்க. இது யாராவது உங்ககிட்ட சொன்ன கதையா? அவங்களைக் காட்டுங்களேன்."

"காட்ட முடியாதுங்க. சொன்னவங்க பாவம்."

"முகம் வேண்டாம்ப்பா. நீங்களே முகம் காட்டாமத்தானே இருக்கீங்க?"

அது சரிதானே என்று சப்ரினுக்குப் பட்டது. தனக்கு எது பாதுகாப்போ அதுவே இருசம்மாளுக்கும் பாதுகாப்பு.

மறுநாள் பின்கட்டில் போனோடு போய் உட்கார்ந்தாள். "அக்கா, உங்க கைய மட்டும் எடுத்துக்கறேன்."

"கைய எடுத்து இன்னா பண்ணப் போற?"

"எம் புஸ்தகத்துக்கு. மூஞ்சி வராது."

"எடுத்துக்கோ. மூஞ்சி எடுத்தாலும் எவன் பாக்கப் போறான்" என்று இருசம்மாள் சிரித்தாள். புத்தகம் எதைப் பற்றியது என்று அவள் கேட்கவில்லை. சப்ரினும் சொல்லவில்லை. சொல்லிவிடலாமா என்று ஒருமுறை வாய் வரைக்கும் வந்தது உண்மை. வந்ததை விழுங்கிக்கொண்டு, அந்தக் கை புளி பிதுக்குவதை முக்கால் நிமிஷம் வீடியோ எடுத்தாள். அரை விரல் உள்ளே போய் வருவது அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. கீழே, 'இந்தக் கைதான் எனக்கு இந்தக் கதையைச் சொன்னது' என்று எழுதிப் போட்டாள்.

பொழுது சாய்வதற்குள் ஆயிரம் இதயங்கள் விழுந்தன. மறுநாள் நாலாயிரம். ஐந்தே நாளில் பெட்டிகள் காலியாக ஆரம்பித்தன. பைரோஸ் மண்டிச் சணலில் கட்டு கட்டாகக் கட்டித் தபால் ஆபீசுக்குத் தூக்கினான். புத்தகத்தைப் பிரித்தால் புளி வாசனை வருகிறது என்று ஒரு வாசகி எழுதினாள், அதற்கு அறுநூறு பேர் ஆமாம் போட்டார்கள். தேவதர்ஷினி உடனே, "ஒவ்வொரு கட்டுக்குள்ளயும் ஒரு சின்ன உருண்டை புளி வைங்க" என்றாள். வைத்தார்கள். வீட்டில் நோன்புப் பெருநாள் போல இருந்தது. ஷேக் தாவூது, வந்த வியாபாரிகளிடமெல்லாம், "எங்க மருமவ புஸ்தகம் டில்லி வரைக்கும் போவுது" என்றார்.

எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் குறுக்கே விழுந்தார். திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் யாரோ. 'நடை நன்று. ஆனால் மூச்சிருக்கும் உறவுக்காரனைக் காட்டில் விட்டுவிட்டு ஒருவன் ஓடுவான் என்பது நம்பும்படி இல்லை. கண்ணீருக்காகச் செய்த கட்டுக்கதை' என்று எழுதியிருந்தார். அதன் கீழே இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். அன்று கட்டுகள் குறைந்தன.

சப்ரினுக்குச் சுரீரென்றது. அவர் கை வைத்தது அவளாகச் சேர்த்த அதே இடத்தில். திருடன் கையைப் பிடித்த மாதிரி. அந்தக் கோபத்தில் தட்டினாள்: 'ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன்.'

தேவதர்ஷினி அதை எடுத்துக் குழுவின் தலைமாட்டில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வைத்தாள். வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். மீதிப் பெட்டியும் காலியானது.

சீசன் வேலை முடிந்து இருசம்மாள் மலைக்குப் போய்விட்டாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சப்ரின் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் போனைத் திறந்தாள். குழுவில் ஒரு படம். சேலத்து வாசகர்கள் ஐந்து பேர் கரியாலூர் அருவிக்குப் போனவர்கள், டீக்கடையில் அந்தக் கை வீடியோவைக் காட்டி விசாரித்திருக்கிறார்கள். மலையில் அந்தக் கையைத் தெரியாதவர் யார்? ஒருவர் வழிகாட்டக் காட்டுத் தடத்தில் ஒரு மணி நேரம் நடந்தே போயிருக்கிறார்கள். படத்தில் இருசம்மாள் நடுவில் நிற்கிறாள். தோளில் ஒரு புதுப் பட்டுச் சேலை. சுற்றிலும் ஐந்து பேர், ஒவ்வொருவர் கையிலும் 'காட்டுக்கு அந்தாண்ட'. 'கணவர் இறந்ததைப் படித்து நாங்கள் அழுததைச் சொன்னோம். அம்மாவால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. காட்டில் கைவிடப்பட்ட அவருக்காக எல்லோரும் ஒரு நிமிடம் மௌனம் காத்தோம்' என்று எழுதியிருந்தார்கள்.

வெட்கத்தோடு சொல்ல வேண்டும், முதல் நொடியில் சப்ரினுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நொடியில் படத்தின் பின்புறம் பார்த்தாள். குடிசை வாசலில் ஒரு கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சேலையை மோந்து பார்க்கிற அந்தத் தாயாகத்தான் இருக்க வேண்டும். பருப்பு தீய்ந்து ரஜியா ஓடிவரும்வரை சப்ரின் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வீடியோவை அழித்தாள். அந்த வரியையும் அழித்தாள். தேவதர்ஷினி போன் பண்ணி, "ஏன்ப்பா எடுத்தீங்க? நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சே" என்று வருத்தப்பட்டாள். அவள் அழித்தாலும், எடுத்து வைத்துக்கொண்டவர்கள் ஊர் பூராவும் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து தேன் கொண்டுவந்தவர் ஷேக் தாவூதிடம் சங்கதியைச் சொன்னார். இருசம்மாள் தாலியை அறுத்துவிட்டார்கள். ராசுவைப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை ஊர் கூடுகிறது. எழுதினவங்க வந்து சொல்லட்டும் என்று பஞ்சாயத்து பண்ணுகிற ஊர்க்கவுண்டர் சொல்லியிருக்கிறார்.

ஷேக் தாவூது மருமகளைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"முப்பது வருசமா அந்த சனங்க நம்ம தராச நம்பிக்கினு எறங்கி வராங்கம்மா. அந்தப் பையன் அவன உசுரோட வுட்டுட்டு வந்தது நெசமா?"

"இல்ல மாமா. அது நானா சேத்தது."

"அப்ப போயி சொல்லு. அத்தன பேரு முன்னால சொல்லு."

வியாழக்கிழமை காலையில் பைரோஸ் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினார்கள். கீழே பங்குனி வெயில் பிளந்தது, மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. வழி நெடுகப் பலாப் பிஞ்சு மரத்தை மொய்த்துக்கொண்டிருந்தது. கடைசி வளைவில் பைரோஸ், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல" என்றான்.

கரியாலூரில் வண்டியை விட்டுவிட்டுக் காட்டுத் தடத்தில் நடந்தார்கள். ஊர் நடுவே பலா மரத்தடியில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருசம்மாள் ஓரமாக, நெற்றியும் கழுத்தும் வெறுமையாக. சப்ரின் வந்ததைப் பார்த்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். நடுவில் ராசு. கன்னம் வீங்கியிருந்தது. மடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்கு எதிரில், கட்டிலில் குப்பாயி, செத்துப்போன வெள்ளையனின் தாய்.

யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். சப்ரின் குடித்தாள். பைரோஸைத் தரையில் உட்காரச் சொன்னார்கள்.

ஊர்க்கவுண்டர் கேட்டார்: "நீதான எழுதினது?"

"ஆமாங்க. ஆனா அது கதைங்க. அவரு விழுந்ததுமே எறந்துட்டாரு. ராசு அண்ணன் போய்ப் பாத்தப்ப மூச்சு இல்ல. இருசம்மா அக்கா அப்படித்தான் எங்கிட்ட சொன்னாங்க. மூச்சு இருந்துச்சுன்னு எழுதினது நானா சேத்தது. தப்புதாங்க. என்னைய இன்னா வேணாலும் சொல்லுங்க, அவர விட்டுடுங்க."

வெள்ளையனின் அண்ணன் மகன் ஆகாஷ் எழுந்தான். கள்ளக்குறிச்சியில் காலேஜ் படிக்கிறவன். போனை நீட்டிப் படித்தான்: "ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். இது நீங்க போட்டதுதான?"

"அது... புஸ்தகம் விக்கறதுக்காகப் போட்டதுங்க."

"விக்கறதுக்கு பொய் சொன்னீங்களா, இப்ப இவர காப்பாத்தறதுக்கு பொய் சொல்றீங்களா?"

அவன் நல்ல பையன்தான். சித்தப்பன் செத்தது தெரிந்த கோபம். கூட்டத்தில் ஒரு பெரியவர், "அச்சடிச்சி நாலு சீமைக்கு அனுப்பினத பொய்யின்னா எப்டி?" என்றார். ஆமாம் என்று பல தலைகள் ஆடின.

குப்பாயி கையைத் தூக்கினாள். எல்லோரும் அடங்கினார்கள்.

"படி" என்றாள். "எம் புள்ள செத்தத படி. எழுதினவ வாயால கேக்கணும்."

ஆகாஷ் புத்தகத்தைக் கொடுத்தான். சேலத்து வாசகர்கள் விட்டுப்போன பிரதி. சப்ரின் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இத்தனை நாளில் அவள் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. படித்தாள்.

"பாறை இடுக்கில் அவன் கிடந்தான். மச்சான் சறுக்கிச் சறுக்கி இறங்கிப் போய் அவன் நெஞ்சில் கை வைத்தான். நெஞ்சு அடங்கியிருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது..."

"அப்டி இல்லியே" என்றான் ஆகாஷ். அவன் போனில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தான். விரலை வைத்துக்கொண்டே கூட வந்துகொண்டிருந்தான். "நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியதுன்னு இருக்கு."

கூட்டம் சலசலத்தது. பைரோஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உள்ளத உள்ளபடி படிம்மா" என்றாள் குப்பாயி. "நான் தாங்குவேன்."

சப்ரின் படித்தாள். நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. கண் திறந்தது. அவன் மச்சானைப் பார்த்தான், ஆனால் மச்சானைக் கூப்பிடவில்லை. அம்மா என்றான். காட்டில் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரத்துக்கு, அம்மா என்றான். வெளிச்சம் நெருங்கியது. மச்சான் எழுந்து ஓடினான். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் இன்னொருமுறை கேட்டது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. புத்தகத்தை மூடினாள்.

குப்பாயி மெதுவாகக் கேட்டாள்.

"அம்மான்னு கூப்ட்டானா?"

"இல்லைங்க. நான் எழுதினது. சத்தியமா நான் எழுதினது."

"சும்மா இரு. நீயா எழுதினதுன்னா உனக்கு எப்டித் தெரியும் அது? அவன் சின்னதுலேர்ந்து அப்டித்தான். கால்ல முள்ளு குத்தினாக்கூட அப்பனக் கூப்ட மாட்டான், அண்ணனக் கூப்ட மாட்டான், என்னத்தான் கூப்டுவான். ஏழு வருசமா சேலய மோந்து பாத்துக்கினு கெடந்தேன். ஒரு தபாகூட எம் பேரச் சொல்லி ஒரு சொல்லு வரலியேன்னு கெடந்தேன். கூப்ட்டிருக்கான். கடசியா என்னக் கூப்ட்டிருக்கான்."

"அத்தை" என்று இருசம்மாள் வாய் திறந்தாள். "ராசு பாத்தப்ப மூச்சு இல்ல அத்தை. எங்கிட்ட அப்டித்தான் சொன்னான். அவன் பொய் சொல்ல மாட்டான்."

"மூச்சு இல்லாதவன் எப்டிடி என்னக் கூப்டுவான்?" கிழவியின் குரல் உடைந்தது. "அவன் கூப்பிடலன்னு சொல்றியா? அதயும் எங்கிட்டேர்ந்து புடுங்கிக்கிறியா? ராசு, நீ சொல்லு. நீதான பக்கத்துல இருந்தவன். எம் புள்ள என்னக் கூப்ட்டானா இல்லியா?"

ராசு முதன்முறையாக நிமிர்ந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயும் திறந்தது. எதிரில் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து, அந்தக் கிழவி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அக்காளைப் பார்த்தான். பிறகு மடியிலிருந்த துண்டைப் பார்த்தான்.

"கூப்ட்டாரு அத்தை" என்றான்.

"டேய் ராசு" என்றாள் இருசம்மாள்.

"ரெண்டு தபா கூப்ட்டாரு. அம்மா அம்மான்னு. நான்தான் பயந்துக்கினு ஓடியாந்துட்டேன்."

குப்பாயி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. அவள் முகம் ஆறியிருந்தது.

"தண்ணி கேட்டானா?"

"கேட்டாரு."

"குடுத்தியா?"

"குடுத்தேன் அத்தை. குடிச்சாரு."

ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இனி அவர் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. வெள்ளையனின் அண்ணனும் இன்னும் நாலு பேரும் எழுந்து ராசுவைச் சுற்றி நின்றார்கள். அவன் சொன்னது பொய் என்று அந்தக் கூட்டத்தில் நாலு பேருக்குத் தெரியும். ஒருவன் அதைச் சொன்னவன். மற்ற மூன்று பேரும் கிழவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தார்கள்.